கெபாசிட்டரும் தூணும்

தாம்பரத்தில் ஏறிய படப்பை பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "உன் கெபாசிட்டர் மறுபடியும் என் தூணுக்குள்ள நிக்குது."

கம்பியைப் பிடித்தபடி காதை நீட்டினேன். எனக்குப் புரிந்தவரை, கெபாசிட்டர் மாதிரி பாகங்கள் உட்காரும் சர்க்யூட் போர்டை அவள் ஒரு சாஃப்ட்வேரில் வரைகிறாள். அதை அடைக்கும் பிளாஸ்டிக் பெட்டியை, உள்ளே போர்டைத் தாங்கும் குட்டித் தூண்களோடு, அவர் வேறொன்றில் வரைகிறார். ஃபைல் இருவருக்கும் நடுவே போய்வருகிறது.

"நேத்தே இடது பக்கம் நகர்த்திட்டேனே அண்ணா."

"நீ நகர்த்த மாட்டேன்னு நினைச்சி நான் தூணை நகர்த்திட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்தான்."

"பேஜார்ண்ணா. பெட்டிக்கு அச்சு வெட்ட சாயங்காலம் ஃபைல் போயாகணும். போன வாட்டி மாதிரி மூடாத பெட்டிய கஸ்டமர்கிட்ட நீட்ட முடியாது."

"மூடும். மூட வெச்சிட்டுதான் இன்னிக்கு வூட்டுக்குப் போறோம்."

"அப்ப ஒரே ரூல். நான் நகர்த்தி, ஃபைல் அனுப்பி, நீங்க பார்த்து ஓகே சொல்ற வரைக்கும் தூணைத் தொடக் கூடாது."

"நான் நகர்த்துனா?"

"கெபாசிட்டர நான் தொட மாட்டேன்."

படப்பையில் இருவரும் எழுந்தார்கள். வழியில் நான் நின்றேன். அவள் ஒதுங்கிய பக்கமே நானும் ஒதுங்கினேன். அவள் மறுபக்கம் போனாள். மரியாதைக்கு நானும் போனேன்.

"சார், நீங்க அசையாதீங்க. நாங்க நகர்றோம்."

நான் அசையவில்லை. சொன்ன பேச்சைக் கேட்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நான் இறங்க வேண்டிய இடமும் படப்பைதான் என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.