நகத்தளவு வெள்ளை

வெள்ளையில் அறுபத்து மூன்று வகை உண்டு. என் கண்ணைக் கட்டிவிட்டால்கூட மோந்து பார்த்தே அத்தனையையும் பிரித்துச் சொல்லிவிடுவேன். சிரிக்க வேண்டாம் ஐயா, வேண்டுமானால் அதை எழுதாமல் விட்டுவிடுங்கள். முப்பத்தொரு வருடம் படகுப் பட்டறையில் இதைச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நான் மெருகேற்றிய படகில் உட்கார்ந்த ஈ வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டது என்றும் சொல்லியிருக்கிறேன். பட்டறையில் எனக்குப் பெயரே புளுகர்தான். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த சுவர்க் கடிகாரத்தில்கூட அதைத்தான் பொறித்திருந்தார்கள். நானும் சந்தோஷமாக மாட்டி வைத்திருக்கிறேன்.

அதனால் நேற்று இந்த விசாரணை அலுவலகத்தில் நான் சொன்னதை நீங்கள் நம்பாததில் எனக்கு வருத்தமில்லை. இன்று வரிசையாகச் சொல்கிறேன்.

கண்ணாடியிழைப் படகுக்கு மேலே ஜெல்கோட் என்று ஒரு பளபளப்பான தோல் உண்டு. நகத்தின் பருமன்தான் இருக்கும். அதில் கீறல் விழுந்தால் அதே நிறத்தில் பசை குழைத்து, கெட்டியாக்கும் மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட்டு, அடைத்து, காற்றுப் படாமல் பிளாஸ்டிக் தாளை மேலே ஒட்டிவிடுவேன். இறுகியதும் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும். கஷ்டமெல்லாம் நிறத்தில்தான். வெயிலில் கிடந்த படகின் வெள்ளைக்குள் ஒரு துளி மஞ்சள் இருக்கும், ஊசிமுனை அளவு கறுப்பு இருக்கும், படகுக்காரரின் மனக்கவலைகூடக் கொஞ்சம் இருக்கும்.

என் மனைவியின் அண்ணன் அதே பட்டறையில் பரிசோதகர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் படகு வெளியே போகும். டார்ச்சைப் படகோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிப்பார். நான் அடைத்த இடத்தை விரலால் தொட்டு, "இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. வேற இருக்கா மாப்பிள்ளை, இல்ல அவ்வளவுதானா?" என்பார். ஒவ்வொரு படகுக்கும், எல்லார் முன்னாலும், முப்பத்தொரு வருடம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பல் டாக்டர் தன் படகைக் கொண்டுவந்து விட்டார். துறைச் சுவரில் லேசாக இடித்துவிட்டாராம். முன்பக்கத்தில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, நட்சத்திரம் போல ஒரு விரிசல் இருந்தது. கீறல் வேறு, நட்சத்திரம் வேறு. நட்சத்திரம் என்றால் உள்ளே இருக்கும் இழை வளைந்து உடைந்திருக்கலாம். நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது பட்டறையின் விதி. தட்டினேன். சுற்றிலும் 'டிங்' என்றது. அந்த இடம் மட்டும் 'தொப்' என்றது.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்து மச்சான் அந்தப் பக்கம் வந்தார். ஆறு பேர் கேட்கும்படி, "புளுகரே, நீ ஒட்டுப் போட்டு நான் கண்டுபிடிக்காத படகு ஒண்ணே ஒண்ணு காட்டு. அன்னைக்கே என் மீசையை எடுத்துடறேன்" என்றார். ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விதிப்படி அந்த இடத்தை வெட்டித் திறந்து, உடைந்த இழையை எடுத்து, புதிதாகப் படிய வைக்க வேண்டும். மூன்று நாள் வேலை. எனக்கு நாள் ஒரு பொருட்டில்லை. ஆனால் திறந்தால் ஒட்டு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வரும். தட்டு அளவு ஒட்டை மச்சான் தெருமுனையிலிருந்தே காட்டிவிடுவார். திறக்காமல் மேலே மட்டும் அடைத்தால் நடுவில் நகத்தளவு, சுற்றிலும் மயிரிழை போல ஐந்து கோடு. அவ்வளவுதான்.

திறக்கவில்லை.

அன்று குழைத்தது என் ஆயுளிலேயே சிறந்த வெள்ளை. மறுநாள் மச்சான் ஒரு மணி நேரம் தேடினார். படுத்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கன்னத்தைக்கூட வைத்துப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "இதுல விரிசலே கிடையாது. சும்மா கழுவி வெச்சுட்டு என்னை முட்டாளாக்கப் பாக்குற" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மீசை அப்படியே இருந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்து படகைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்க இருந்துச்சுன்னே தெரியலையே! உள்ள சொத்தை எதுவும் இல்லையே? நாங்கன்னா சுரண்டிட்டுத்தான் அடைப்போம்."

"என்ன டாக்டர், உங்க வாயில நான் கை வெச்சேனா? மேல் கீறல்தான். தம்பியைக் கூட்டிட்டு ஜாலியா போய்ட்டு வாங்க."

அவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது பதினோராம் நாள். ஓர் அலையிலிருந்து படகு இறங்கியபோது முன்பக்கம் கிழிந்தது. தம்பி கீழறையில் படுத்திருந்தார். டாக்டர் நீந்திக் கரை சேர்ந்தார். தம்பியை இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள்.

விசாரணையில் என்னையும் கேட்டார்கள். சின்ன மேல் கீறல், மெருகிலேயே போய்விட்டது என்றேன். மச்சான், விரிசல் எதுவும் இல்லை என்றார். மிதந்து வந்த எதிலோ டாக்டர் கவனக்குறைவாக மோதிவிட்டார் என்று தீர்ப்பாயிற்று. அன்றிலிருந்து அவருடைய அம்மா அவரோடு பேசுவதில்லை.

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. ஊரில் வேறு பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஏன் அவரிடமே போனேன் என்று தெரியவில்லை. வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டு, விளக்கைத் திருப்பியபடியே கேட்டார்: "நீங்க அனுபவசாலி. நான் அன்னைக்கு எதுல மோதியிருப்பேன்? ராத்திரி பகலா யோசிக்கிறேன், ஒரு சத்தமும் ஞாபகம் வரல. அம்மாகிட்ட சொல்றதுக்காவது எனக்கு ஒரு பதில் வேணும்."

வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பஞ்சை எடுத்த பிறகும் சொல்லவில்லை. நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலையே மச்சானிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "வயசாச்சு, இதுலயுமா உன் புளுகு? ஒரு உசுரு போனதைக் கூடவா உன் பெருமைக்கு இழுப்ப?" என்று கதவைச் சாத்தினார். பிறகுதான் உங்களிடம் வந்தேன். பரிசோதகர் ஒப்புக்கொண்டால்தான் தீர்ப்பை மாற்ற முடியும் என்று நீங்கள் சொன்னீர்கள். இன்று காலை என் மனைவி அழுது அவரைப் பட்டறைக்கு அனுப்பி வைத்தாள்.

அந்தப் படகு பின்வேலி ஓரம் கவிழ்ந்து கிடக்கிறது. யாரும் வாங்கவில்லை. ஆறு வருட வெயிலில் உடம்பு முழுவதும் சுண்ணாம்பு போல வெளுத்துவிட்டது. கிழிந்த விளிம்பை ஒட்டி ஓரிடம் மட்டும் மஞ்சள் பூத்திருந்தது. பாதி நகம், இரண்டரைக் கோடு. மீதி உடைந்து கடலோடு போய்விட்டது. நான் குழைத்தது வேறு மாதிரி மூத்துப்போயிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்துக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தெரியும்.

மச்சான் குந்தி உட்கார்ந்தார். அந்த மஞ்சள் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

டாக்டருக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இன்று காலை வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வேலி ஓரத்தில் நின்றபோது எனக்கு டாக்டரும் நினைவில் இல்லை, அவர் தம்பியும் இல்லை. மச்சானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருந்திருக்கு மாப்பிள்ளை" என்றார் அவர். "என் கை இது மேலதான் இருந்துச்சு. எனக்குத் தெரியல. நீ பண்ணிட்ட."