பதினொரு மணிக்கு அழுத கரடி

இல்ல டீச்சர், உக்காரல. நின்னுக்கிட்டே சொல்லிடறேன். எனக்கு அதிகமா பேச வராது, ரெண்டே வார்த்தைதான்.

நீங்க காட்டுற இந்த ரிப்போர்ட் தப்பு. எம்பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி எந்திரிச்சுப் போறா, ஒரே வகுத்தல் கணக்கப் பதினாலு தடவ தப்பாப் போட்டிருக்கா, கவனம் நிக்கல, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு உங்க பாட ஆப் எழுதி வச்சிருக்கு. எழுதிட்டுப் போகட்டும். ஆனா அது அடுத்த வருஷம் பெரிய ஸ்கூலுக்கும் போகும்னு சொல்றீங்க பாருங்க, அதக் கேட்டுத்தான் ஓடி வந்தேன். அவ வாசல்ல கால் வைக்கறதுக்கு முன்னாடியே மக்குங்கற பேரு உள்ள போய் உக்காந்திருக்குமே.

எந்திரிச்சுப் போனது அடுப்புல பால் வச்சிருந்ததால டீச்சர். ஆமா, ஒம்பது வயசுப் பிள்ள எதுக்குப் பால் காய்ச்சப் போறா. அதுக்குத்தான் வர்றேன். கொஞ்சம் சுத்தித்தான் வருவேன், கோச்சுக்காதீங்க.

ரிப்போர்ட்ல மணி போட்டிருக்கற கட்டத்தப் பாருங்க. காலைல பதினொன்னு. அந்நேரத்துக்கு அவ எங்க இருப்பா? இங்க, உங்க கண்ணு முன்னாடி, மூணாவது பெஞ்சுல.

அய்யோ, போனக் கீழ வைங்க டீச்சர். போலீசெல்லாம் வேணாம். பாஸ்வேர்ட யாரும் திருடல.

நீங்க மீட்டிங்ல சொன்னீங்கல்ல, பிள்ளைங்க போட்டோ, பொறந்த நாளு எதையும் கண்ட எடத்துல குடுக்காதீங்க, பாஸ்வேர்ட யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. மத்த அம்மாங்க எல்லாம் ஊர்க்கத பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் ஒருத்திதான் அப்படியே மனசுல ஏத்திக்கிட்டேன். ஆப் போட்டோ கேட்டுச்சு, பக்கத்து வீட்டுப் பூனையப் புடிச்சுப் போட்டேன். அதுகிட்ட அனுமதி வாங்கினியான்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணாரு. அவருக்கும் பாஸ்வேர்டச் சொல்லல. ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. எம்பொண்ணுக்கே தெரியாது டீச்சர். சாயங்காலம் அவ சுவத்தப் பாத்துத் திரும்பி நிப்பா, நான் அடிச்சுக் குடுப்பேன். ஒருநாள் கேக்கறா, ஏம்மா, படிக்கறது நானா நீயான்னு. அடுப்புல பால் பொங்குதுன்னு உள்ள ஓடிட்டேன்.

ம். ஆமா டீச்சர். பதினொரு மணிக்கு அதுல படிச்சது நாந்தான்.

என்னய மூணாவதோட நிறுத்திட்டாங்க, தம்பியப் பாத்துக்கணும்னு. வகுத்தல் நாலாவதுலதான் வருதாமே, அப்புறம் எனக்கெப்படித் தெரியும். தப்பாப் போட்டா ஆப்புல வர்ற அந்தக் கரடி பொம்ம தேம்பித் தேம்பி அழுவுது. அத அழ விட்டுட்டுச் சமையலப் பாக்க மனசு வரல, அதான் பதினாலு தடவ. பதினஞ்சாவது தடவ சரியாப் போட்டேன், கரடி எந்திரிச்சு ஆடுச்சு டீச்சர். அத மட்டும் ரிப்போர்ட்ல காணோம் பாருங்க.

அவ பேருல இருக்கறத அழிச்சிடுங்க. மக்கு அவ இல்ல, அவங்கம்மான்னு வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அழிக்கறதுக்கு முன்னாடி, நான் எந்தப் பாடத்துல நிக்கறேன்னு ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சுக் குடுத்துடுங்க. நாளைக்குப் பின்னம் ஆரம்பிக்குது.

என்னது, அழிக்கணும்னா பாஸ்வேர்ட் வேணுமா?

கொஞ்சம் அந்தச் சுவத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க டீச்சர். நானே அடிச்சுத் தர்றேன்.