சனிக்கிழமைப் பாற்கஞ்சி

சுடுகிறார்கள். இரண்டு வெடி. பிறகு ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. அடுப்பில் பால் கொதிக்கிறது. கரண்டியை விட்டால் அடிபிடிக்கும். விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

பர்மாவின் யாங்கோன் நகரம், கியாக்டடா வட்டாரம். மூன்றாவது மாடி. ராணுவம் ஆட்சியைப் பிடித்த அடுத்த மாதம். சனிக்கிழமை, பகல் பன்னிரண்டேகால்.

நான் சரஸ்வதி. இங்க்ரித் என்ற நோர்வே ஆசிரியை வீட்டில் நான்கு வருடம் சமைத்தேன். வார நாளில் மதியத்துக்கு ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும்தான். தாளில் மடித்து எடுத்துப் போவார். சனிக்கிழமை மட்டும் பாலில் வேகவைத்த அரிசிக்கஞ்சி. மேலே சர்க்கரை, பட்டைத்தூள், நடுவில் வெண்ணெய். நமக்கு அது பாயசம். அவர்களுக்கு அதுதான் சாப்பாடு. சாப்பிட்டு எழும்போது சமைத்தவருக்கு நன்றி சொல்வது அவர்கள் வழக்கம். ஒரு நாளும் தவறியதில்லை.

படியில் காலடி. என் தம்பி குமார். இருபத்தாறு வயது. தன்லியின் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. ராணுவத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்கு வந்திருந்தான். பின்னால் நர்ஸ் படிக்கும் மா திரி, அவள் அண்ணன் கோ மின். பர்மியர்கள்; மா, கோ என்பவை அவர்கள் பெயருக்கு முன் சேர்க்கும் மரியாதைச் சொற்கள்.

"அக்கா, கதவத் திற! வர்றானுங்க!"

இங்க்ரித் திறந்தார். மூவரும் உள்ளே பாய்ந்தார்கள். பாயும்போதே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தான், நோர்வேக்காரர் வீட்டிலும் அப்படித்தான். உயிர் தப்ப ஓடும்போதும் கால் பழக்கத்தை மறக்கவில்லை.

கீழே பூட்ஸ் சத்தம். கதவை உடைக்கிறார்கள். முதல் மாடி.

"மா சரசு, செருப்பு!" என்றார் இங்க்ரித்.

வெளியே போய் அள்ளினேன். ஒன்று நழுவிப் படியில் உருண்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் போய் நின்றது. குமாருடையது. இறங்கி எடுக்க நேரமில்லை. உள்ளே வந்து சொன்னேன்.

"நான் போய்ப் பேசுகிறேன். நான் வெளிநாட்டுக்காரி" என்றார் இங்க்ரித், பர்மிய மொழியில்.

"வேணாம் மேடம். உள்ள வந்தா மூணு பேரையும் புடிச்சிருவானுங்க" என்றான் குமார்.

அவன் சட்டையைப் பிடித்தேன். என் கையை மெதுவாக எடுத்துவிட்டு வாசலைத் தாண்டினான்.

"அக்கா, தாழ்ப்பாள் போடு."

போட்டேன். போட்டது நான்தான்.

"செருப்பு என்னோடது. நான் மட்டும்தான்" என்று அவன் பர்மிய மொழியில் சொல்வது கேட்டது. துப்பாக்கிக் கட்டையால் ஓர் அடி. இன்னோர் அடி. இழுக்கும் சத்தம். லாரிக் கதவு. பன்னிரண்டு முப்பத்தொன்று. எங்கள் மாடிக்கு யாரும் வரவில்லை.

கஞ்சி தீய்ந்திருந்தது. மேலாக எடுத்து அந்த இரண்டு பேருக்கும் கொடுத்தார் இங்க்ரித். முந்தின நாளிலிருந்து பட்டினி அவர்கள். மா திரி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். தானும் இரண்டு வாய் சாப்பிட்டு எழும்போது இங்க்ரித் வழக்கம்போல எனக்கு நன்றி சொன்னார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பதினொரு நாள் சிறைவாசல்களுக்குச் சோறு கொண்டு போனேன். அந்தப் பெயரில் ஆளே இல்லை என்றார்கள். பிறகு ஒரு தாள் வந்தது. இறந்துவிட்டான். நாள் குறிக்கவில்லை. உடல் தரவில்லை.

கோ மின் எல்லைப் பக்கம் போனான். செய்தி இல்லை. மா திரி இருக்கிறாள். எங்கே என்று எழுத மாட்டேன். இங்க்ரித் ஊர் திரும்பினார். எங்கள் அம்மா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

இறந்தவர் இருவர். காணாமல் போனவர் ஒருவர். அம்மாவுக்குத் திதி கொடுக்கிறேன். தம்பிக்குக் கொடுக்க எனக்கு நாள் தெரியாது.