நாற்பத்தேழு தவறுகளும் ஓர் இருமலும்

போன தீபாவளிக்கு வந்த அந்தக் கல்யாண நகைச்சுவைப் படத்தில் நாற்பத்தேழு தவறுகள் இருக்கின்றன. நாற்பத்தேழையும் செய்தவன் நான் ஒருவனே. நங்கூரம் போட்டு நின்ற ஒரு கப்பலை இடம்விட்டு நகர்த்தியதும் அதில் சேர்த்தி.

நம்ப மாட்டீர்கள். என் மனைவி டோரதியே நம்பவில்லை. "நீயா? மூக்குக் கண்ணாடிய வெச்ச எடம் தெரியாது, நீ கப்பல நவுத்துனியா?" என்றாள்.

அந்தத் தவறுகளை இணையத்தில் பட்டியல் போட்டுச் சிரிக்கிறவர்களுக்கு நாற்பத்தொன்றுதான் அகப்பட்டிருக்கிறது. அரைகுறையாகத் தேடுகிறார்கள். நானே முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் சவரிநாதன். டோரதிக்கு மட்டும், எங்கள் மகன் பெயரை வைத்து, 'சாவியோ அப்பா'. ராயபுரம். துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். இருபது டன் பெட்டியை ஒரு முட்டையின் மேல் வைத்து, முட்டைக்கே தெரியாமல் திரும்ப எடுத்தவன். அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு மெழுகுவர்த்தியை நகர்த்துவது பெரிய காரியமா?

கத்தோலிக்கக் கல்யாண வழக்கங்களைச் சொல்லித்தர ஒரு பெரியவர் வேண்டும் என்று படக்கம்பெனிக்காரர்கள் தேடினார்கள். என் தோஸ்து இக்னேஷியஸ் என் பெயரைச் சொல்லிவிட்டான். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன். கம்பெனியிலிருந்து யசோதரா என்று ஒரு பெண் வந்தாள். வியாசர்பாடிக்காரி, இருபத்தாறு வயது, முதல் படம். ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. மூன்று தடவை வீட்டுக்கு வந்தாள். நான் சொன்னதைக் கேட்டதைவிடச் சமையலறையில் டோரதியோடு பேசியதுதான் அதிகம். சுறாப்புட்டுக்குச் செய்முறை கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருவொற்றியூரில் கடலைப் பார்த்த ஒரு பழைய கிடங்குக்குள் கோயில் செட் போட்டிருந்தார்கள். எனக்குத் தனி நாற்காலி, வேளா வேளைக்கு டீ. முதல் இரண்டு நாள் உண்மையாகவே உழைத்தேன். மூன்றாம் நாள் ஒரு காட்சி எடுத்தார்கள். பீடத்தின் முன்னால் ஃபாதர் மணப்பெண்ணிடம் சம்மதமா என்று கேட்கிறார். அவள் "இல்ல" என்கிறாள். அதே நொடியில் மாப்பிள்ளை பலமாக இருமுகிறான். ஃபாதருக்குக் காது மந்தம். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஜெபத்துக்குப் போய்விடுகிறார்.

செட்டே சிரித்தது. லைட் தூக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துபோகும்.

ஏனென்றால் அந்த இருமல் என்னுடையது. நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இருமியது.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பந்தல் போட்டாகிவிட்டது. வெளியே அண்டாவில் பிரியாணி தம்மில் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண் பதற்றத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது ஊர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது கட்டப் போகிறவனின் பொறுப்பு. நான் அவளுடைய மானத்தைக் காப்பாற்றினேன். பிற்பாடு எத்தனையோ முறை அவளிடமே கேட்டிருக்கிறேன், "அன்னிக்கு இன்னா சொன்ன?" என்று. ஒவ்வொரு முறையும், "சம்மதம்னுதான் சொன்னேன். உன் காதுலதான் கோளாறு" என்பாள். சொன்னதாக நான் நினைத்தவளே சொல்லவில்லை என்கிறாள். ஆகவே அந்த வார்த்தை நடக்கவில்லை, இருமல் மட்டும்தான் நடந்தது என்று நான் வாழ்ந்துவந்தேன்.

அந்த இருமலைப் பற்றி நான் வாய்விட்டது ஒரே ஒருவனிடம், இக்னேஷியஸிடம். இத்தனை வருடம் பொத்தி வைத்தவன், நடிகர்களோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதற்காக என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான். அன்று சாயங்காலமே அவன் வாசலில் போய் நின்றேன்.

"மாமு, மாதா மேல சத்தியமா நான் வாயே தொறக்கல" என்றான்.

"அப்ப இருமல் அதுவா பஸ் புடிச்சு ஷூட்டிங்குக்குப் போச்சா?" என்றேன்.

அத்தோடு பேச்சு முடிந்தது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவன் கையை நீட்டுவான். நான் கூரையைப் பார்ப்பேன்.

காட்சியை நிறுத்த என்னால் முடியாது. ஆனால் நாற்பத்தேழு பொய்க்கு நடுவில் ஓர் உண்மையை உட்கார வைத்தால் அதையும் பொய் என்றுதான் சொல்வார்கள்.

கல்யாணப் பூசைக்கு ஃபாதர் ஊதா அங்கிதான் போடுவார் என்று சொல்லிக்கொடுத்தேன். ஊதா, துக்கம் காக்கும் தவக்காலத்துக்கு உரியது. எங்கள் ஊரில் கைக்குழந்தைகூடச் சொல்லும். பாடகர் குழுவுக்கு அடக்கப் பூசைப் பாட்டைக் கொடுத்தேன். விருந்துக் காட்சியில் சுவரில் ஒரு தினக் காலண்டரை மாட்டினேன். தேதி பெரிய வெள்ளி, நாங்கள் கறியே தொடாத நாள். அதன் கீழே நூறு கிறிஸ்தவர்கள் ஆட்டுப் பிரியாணி சாப்பிடுகிறார்கள். மெழுகுவர்த்தி எரிய எரிய வளர்ந்தது. பூச்செண்டு வாசலில் வெள்ளை, பீடத்தில் சிவப்பு. மோதிரம் எந்தக் கையில் என்று ஒரு நாள் ஒன்று சொன்னேன், மறுநாள் மற்றொன்று. ஜன்னலில் தெரிந்த கப்பல், பெண் பேசும்போது வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் நிற்கும், மாப்பிள்ளை பேசும்போது தெற்கே காசிமேட்டுப் பக்கம் வந்துவிடும். கரையில் நின்று நான்தான் ஊதித் தள்ளினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யசோதராதான் கொஞ்சம் தொல்லை. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைப்பாள். ஆகவே ஷாட் முடிந்து அவள் போனைத் தூக்குவதற்குள் மாற்றிவிடுவேன். மறுநாள் தன் படத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் ரொம்பப் பொறுப்பாகத் தப்பாக அடுக்குவாள்.

"அங்கிள், நேத்து மெழுகுவர்த்தி இம்மாம் பெருசாவா இருந்துச்சு?" என்று என்னிடமே வந்து கேட்பாள். என் டீயையும் அவளே கொண்டுவந்திருப்பாள்.

"போட்டோ பொய் சொல்லுமா, கண்ணு?" என்பேன்.

படம் வந்தது. கதையைவிடத் தவறுகளுக்குத்தான் ஜனம் அதிகம் சிரித்தது. டைரக்டர் ஒரு பேட்டியில் யசோதராவின் பெயரைச் சொல்லிக் கை காட்டிவிட்டார். அதன் பிறகு அவளை யாரும் படத்துக்குக் கூப்பிடவில்லை. மணலி புதுநகரில் ஒரு கூரியர் ஆபீசில் பார்சல்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாளாம். சின்ன வயதுதானே. பார்சல்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். அந்த வகையில் அவளுக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது.

எனக்கும் நல்லது நடந்தது. இணையப் பட்டியலில் நாற்பத்திரண்டாவதாக, நான் செய்யாத ஒன்றை யாரோ சேர்த்திருந்தார்கள்: 'பெண் இல்லை என்கிறாள், கல்யாணம் நடக்கிறது. எந்த ஊரில் சார் இப்படி?' அதன் கீழே ஆயிரம் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து டோரதி சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தோஷத்தில் மெழுகுவர்த்தி, போன், இக்னேஷியஸ் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மறுபடி சொன்னேன்.

அவள் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இக்னேஷியஸ் அண்ணன் சொல்லல. அந்தப் பொண்ணாண்ட நான்தான் சொன்னேன். உங்க கல்யாணத்துல மறக்க முடியாதது இன்னா ஆன்ட்டின்னு கேட்டுச்சு. என்னை அப்பிடிக் கேட்டது அது ஒண்ணுதான்."

"நானும்தானே கேட்டுகினே இருந்தேன்?"

"நீ கேட்டது சம்மதம்னு சொல்ல வெக்கிறதுக்கு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப அன்னிக்கு..." என்றேன்.

"இல்லன்னுதான் சொன்னேன். ரெண்டு தபா சொன்னேன். ரெண்டு தபாவும் இருமுன."

ஒரு தடவைதான் என்று எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது.

டோரதி எழுந்து, கத்தியைக் குழாயில் காட்டிக் கழுவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாப்பத்தேழும் நீதான் பண்ணே, சாவியோ அப்பா" என்றாள். "இப்ப நம்புறேன்."