செர்வாரா இறக்கத்தில் ஒரு கை

உங்கள் காபி நன்றாக இருக்கிறது, ஐயா. காவல் நிலையத்தில் இப்படியொரு காபி கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை மட்டும் போடச் சொல்லுங்கள். சைக்கிள்காரன் நாக்கு, இனிப்புக்குப் பழகிவிட்டது.

நான் வந்தது அன்னீபலே விஷயமாக. செர்வாரா கணவாய்ச் சாலையைப் பராமரிக்கிற அந்த மனிதரை நீங்கள் பின்னறையில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வளைவில் சரளைக்கல்லைப் போட்டுவிட்டுக் கூட்டாமல் போய்விட்டார், அதில் சறுக்கித்தான் வாஸ்கோ கிசோல்ஃபி பள்ளத்தில் விழுந்து செத்தான் என்று நேற்று மாலையிலிருந்து ஊரே பேசுகிறது. கடைத்தெருவில் ஒருத்தி அவர் மனைவியின் முகத்தில் துப்பினாளாம். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்தவன் மேல் அநியாயப் பழி விழும்போது வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை நான்.

என்னை உங்களுக்குத் தெரியும். வாஸ்கோவுக்கு முன்னால் அந்த இறக்கத்தில் போனவன் நான்தான், நெரீயோ தொந்தினி. இரண்டு வருடமாக அவனுக்குத் தண்ணீர் தூக்கினேன். சைக்கிள் பந்தயக் குழுவில் ஒருவன்தான் கேப்டன்; எங்களுக்கு அது வாஸ்கோ. மற்றவர்கள் எல்லோரும் அவனுக்காக உழைக்க வந்தவர்கள். அவனுக்குத் தாகம் எடுத்தால், பின்னால் வருகிற காரிடம் போய்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, திரும்ப முன்னால் மிதித்து வர வேண்டும். அவன் சக்கரம் பஞ்சரானால் நம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடுவழியில் நிற்க வேண்டும். எதிர்க்காற்றை நம் நெஞ்சில் வாங்கிக்கொண்டு அவனைப் பின்னால் கூட்டிப்போக வேண்டும். இந்த வேலையை என்னைவிட ஒழுங்காகச் செய்தவன் இல்லை என்று வாஸ்கோவே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறான்.

அதற்கு முன்பு நான் வேறு குழுவில் இருந்தேன். அந்த வருடம், ஊர் ஊராகப் பல நாள் ஓடும் சுற்றுப்போட்டி எங்கள் ஊர் ரோக்காவெர்னா வழியாக வந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போட்டி ஒருவனுடைய சொந்த ஊரைத் தொடும்போது, அவன் கூட்டத்தின் பெரிய தலையிடம் போய் அனுமதி கேட்பான். அந்த ஆள் தலையசைத்தால், இவன் மட்டும் முன்னால் போய், ஊரில் இறங்கி, வீட்டாரைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்து, ஒரு வாய் ஒயின் குடித்துவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளலாம். அதுவரை கூட்டம் பேசிச் சிரித்தபடி மெதுவாக உருண்டு வரும். யாரும் பாய மாட்டார்கள். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் எல்லா விதியையும் மீறுகிற ஆட்கள்கூட இதை மீறியதில்லை.

எனக்கு அந்தச் சில நிமிடங்கள் தேவையாக இருந்தன. அப்பா என்னோடு பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. முதல் சைக்கிள் வாங்குவதற்காக அவருடைய கன்றுக்குட்டியை அவருக்குத் தெரியாமல் விற்றுவிட்டேன். அன்று மூடிய வாய். அவர் தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரப் போகிறார் என்று என் தங்கை சொல்லியனுப்பினாள். நான் வாஸ்கோவிடம் போய்க் கேட்டேன். அப்போதும் அவன்தான் பெரிய தலை.

"போடா போ," என்றான். "அப்பாவ நல்லாக் கட்டிப் புடிச்சுக்கோ. நாங்க மாடு மேய்க்கிற மாதிரி மெதுவா வர்றோம்."

போனேன். இறங்கினேன். அப்பா எழுந்து நின்றார். ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள், பேண்டு வாசித்தார்கள். அப்பா ஒயின் கிளாஸை நீட்டினார். நான் அதை வாயில் வைப்பதற்குள் கூட்டம் எங்களைத் தாண்டியது. மெதுவாக அல்ல. வாஸ்கோ முன்னால் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு அவனைத் துரத்தினார்கள். புழுதி கிளாஸுக்குள் விழுந்தது.

"உன் ஆளுங்க போயிட்டாங்க போலிருக்கே," என்றார் அப்பா. அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அன்று முழுக்கத் தனியாக மிதித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது முடிவிடத்துக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நேர வரம்பு தாண்டிவிட்டது என்று முதுகிலிருந்த எண் துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, என்னை ரயிலேற்றி விட்டார்கள். ஊரில் எனக்குப் புதிய பெயர் காத்திருந்தது.

"வாடா முத்தக்காரா," என்பார்கள் ஒயின்கடையில். "இன்னைக்கு யாருக்குக் குடுக்கப் போற?"

"கன்னத்தக் காட்டுங்கடா, நேரம் போயிரப் போகுது அவனுக்கு."

குளிர்காலம் முழுக்க இதுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்பா அந்தப் பேச்சு ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். என்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஐயா. கல்யாணக் கோட்டில் ஒரு கிழவனை ஊர் நடுவே உட்கார வைத்து அவமானப்படுத்திவிட்டானே என்பதுதான். நான் செய்ததெல்லாம் அவருக்காக. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வோமே, அதைத்தான் வாஸ்கோ செய்தான். அடுத்த வசந்தத்தில் அவன் குழுவுக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும் நானே போய் நின்றேன். குறைந்த சம்பளம் போதும் என்றேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். அந்தத் தண்ணீரைத் தூக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வாஸ்கோ ஏற்றத்தில் சிங்கம். இறக்கத்தில் பயந்தாங்கொள்ளி. ஒரு முறை விழுந்து தோள் உடைந்ததிலிருந்து அவன் கை பிரேக்கை விட்டு அகலாது. ஏறும்போது சம்பாதித்ததையெல்லாம் இறங்கும்போது தொலைப்பான். நானோ மலையில் பிறந்தவன். முதல் மாதமே அவனிடம் சொன்னேன், "கேப்டன், நீங்க ரோட்டப் பாக்காதீங்க. என் கையப் பாருங்க."

முன்னால் போகிறவன் குழியோ கல்லோ பார்த்தால் பின்னால் வருகிறவனுக்குக் கையால் காட்ட வேண்டும். இதுவும் எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்தான். எதிரிக் குழுக்காரனுக்குக்கூடக் காட்டுவோம். வாஸ்கோவுக்காக நான் அதை ஒரு பாஷையாகவே ஆக்கினேன். விரலைக் கீழே நீட்டி ஆட்டினால் சரளை. விரல்களை மடக்கி முஷ்டி காட்டினால் பிரேக் பிடி. உள்ளங்கையை விரித்து முன்னால் வீசினால் பாதை சுத்தம், பிரேக்கை விடு, என்னைத் தாண்டிப் போ. வெயில், மழை, பனிமூட்டம் எதிலும் நான் ஒருமுறைகூடத் தவறாகக் காட்டியதில்லை. அவன் இறக்கங்களில் ஜெயிக்க ஆரம்பித்தான். "நெரீயோ முன்னாடி போனா எனக்குப் பயமே இல்ல, கண்ணக் கட்டி விட்டாலும் இறங்குவேன்" என்று வானொலியில் சொன்னான். தன் மகனுக்கு என்னை ஞானத்தந்தையாக நிறுத்தினான். ஞானஸ்நானத்தன்று அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான்தான். நல்ல குழந்தை, அழவே இல்லை.

இவ்வளவு காலம் ஏன் காத்திருந்தாய் என்று கேட்பீர்கள். காய்ந்த பயற்றை ஊற வைக்காமல் உலையில் போட்டால் வேகாது. அதோடு, அதுவரை எனக்கு ஆசை மட்டும்தான் இருந்தது. முடிவு ஆனது போன இலையுதிர் காலத்தில். விடுதியில் நானும் அவனும் ஒரே அறை. படுத்தபடி கேட்டேன்.

"கேப்டன், ரோக்காவெர்னான்னு ஒரு ஊரு, ஞாபகம் இருக்கா?"

"ரோக்காவெர்னா... எனக்குச் செயின் கழண்டுச்சே, அந்த ஊரா?"

"அது இல்ல. விடுங்க."

"ஏன்டா, என்ன ஆச்சு அங்க?"

"ஒண்ணும் ஆகல. எங்கப்பா இருக்காரு அங்க."

அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு விளக்கை அணைத்துவிட்டான். அவன் நினைவு வைத்திருந்தால் நான் மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். செய்ததையே மறந்துவிட்டவனை எதற்காக மன்னிப்பது?

முந்தாநாள் போட்டிக்கு ஓய்வு நாள். மற்றவர்கள் தூங்கினார்கள்; நான் மட்டும் செர்வாரா இறக்கத்தைப் பார்த்து வரக் கிளம்பினேன். என் பொறுப்புணர்ச்சியை எல்லோரும் மெச்சினார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அன்னீபலே குழிகளை அடைத்துச் சரளை பரப்பிக்கொண்டிருந்தார். உள்பக்கம் பாறையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் பழைய தார் சுத்தமாக இருந்தது. வெளிப்பக்கம் முழுக்கக் கல். அதற்கு அப்பால் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், பிறகு பள்ளம்.

நல்ல மனிதர். தன் ரொட்டியிலும் பாலாடைக்கட்டியிலும் எனக்குப் பாதி கொடுத்தார்.

"நாளைக்குக் காலைல வந்து சுத்தமாக் கூட்டிடுறேன் தம்பி. பயப்படாம வாங்க," என்றார்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணே சிரமம்? காலைல எங்க போட்டி ஆளுங்களே வண்டியோட வந்து கூட்டிடுவாங்க. நீங்க உச்சிக்குப் போய் நல்ல இடமாப் புடிச்சு நின்னு வேடிக்கை பாருங்க."

சந்தோஷப்பட்டார். ஒரு சைக்கிள்காரன் கூட்ட வேண்டாம் என்று சொன்னதாக அவர் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம், நீங்கள் நம்பவில்லையாம். நம்பலாம் ஐயா. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நேற்று உச்சியில் மூட்டம் கவிந்திருந்தது. வாஸ்கோவும் நானும்தான் முதலில் ஏறினோம். மற்றவர்கள் கொஞ்சம் பின்னால். இறக்கத்துக் குளிர்காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க, உச்சியில் நிற்கிறவர்கள் பழைய செய்தித்தாள் நீட்டுவார்கள். அதைச் சட்டைக்குள் செருகிக்கொள்வோம். நேற்று நீட்டியவர் அன்னீபலே. ஒன்றுதான் கிடைத்தது. அதை நான் வாஸ்கோவின் சட்டைக்குள் செருகி, இழுத்து விட்டேன்.

"உனக்கு?" என்றான்.

"என்கிட்ட இருக்கு கேப்டன்."

இறங்கினோம். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, எல்லாம் வழக்கம்போல. மூன்றாவதில் நான் பாறையை ஒட்டிப் போனேன். கையை அசைக்கவில்லை. அவன் கொஞ்சம் அகலமாக வளைந்தான். அவ்வளவுதான் நடந்தது. கை காட்டாதது குற்றமா என்று சட்டத்தைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிரேக் சத்தம் கேட்கவில்லை. கல் சரிகிற சத்தமும், சுவரில் இடிக்கிற சத்தமும் மட்டும்தான் கேட்டன. நான் உடனே இறங்கி, மேலே ஓடி, பின்னால் வந்தவர்களை இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தினேன். அந்தக் கல்லில் வேறு ஒருவனும் விழவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விபத்து என்கிறார்கள் எல்லோரும். பாதிரியார் கடவுளின் சித்தம் என்றார். இரண்டு வருடம் அவனுக்குத் தண்ணீர் தூக்கியது கடவுள் இல்லை, ஐயா.

இன்று காலை முதல் பேருந்தில் அப்பா வந்தார். விடுதி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"பாவம்டா அந்தப் பையன்," என்றார். "குளிர்காலத்துல பனியில வண்டி ஓட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தான். தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னான். யார்கிட்டயோ விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டானாம். 'அன்னைக்கு நான் பண்ணது ஈனத்தனம், மன்னிச்சிருங்க'ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எம் மவன் பந்தயத்தையே விட்டுட்டு எனக்காக இறங்கி நின்னான், எனக்கு அது போதும், நீ எப்படிப் போனா எனக்கென்னன்னேன். நாளன்னைக்குப் பந்தயம் திரும்ப நம்ம ஊருக்கு வருதுல்ல? உன்ன முன்னாடி அனுப்பிட்டு, கூட்டத்தத் தானே புடிச்சு நிறுத்தி வைக்கிறேன்னான். உன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனான். கோட்ட இஸ்திரி போட்டு வச்சிருந்தேன்டா."

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. அவர் பெருந்தன்மையாகப் பேசுவார். உள்ளே பட்ட காயம் எனக்குத்தான் தெரியும். வாஸ்கோ வந்தது உண்மையாகவே இருக்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லாதது அவன் தப்பு. இங்கே வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன், வேறு மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அன்னீபலேயைப் பற்றிய பகுதி சரியாக இருக்கிறது. ஞானஸ்நானம் பற்றி எழுதாமல் விட்டுவிட்டீர்கள், பரவாயில்லை. ஒரே ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். மூன்றாவது வளைவில் நான் கையை அசைக்கவில்லை என்று இருக்கிறது. அசைத்தேன். உள்ளங்கையை நன்றாக விரித்து முன்னால் வீசினேன். "நன்றிடா" என்று சொல்லிக்கொண்டே வாஸ்கோ என்னைத் தாண்டிப் போனான்.