பின்னால் நடப்பவர்களுக்கு வழி சொன்னவன்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பின்கால் கொஞ்சம் ஆடும். சாய்ந்துவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். இந்த அறைக்கு வருகிற எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்வேன். விழுந்தபிறகு சொல்லி என்ன பயன்?

நான் யார் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ராஜாவின் சித்தப்பா மகன். அரச குடும்பம் என்றால் அரச குடும்பம்தான்; ஆனால் படம் எடுக்கும்போது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று ஓரத்துக்கு அனுப்பப்படுகிறவன். ஒப்புக்குச் சப்பாணி. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. எனக்கென்று ஒரு வேலை இருந்தது.

எங்கள் வீட்டில் ராஜாவுக்கு யாரும் முதுகு காட்டுவதில்லை. பேசி முடித்தவர் வணங்கிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே வாசல்வரை பின்னாலேயே நடந்து வரவேண்டும். தலையைத் திருப்பினாலும் மரியாதைக் குறைவு. மாடிக்கூடத்தின் வாசலைத் தாண்டியதுமே செங்குத்தான கற்படிகள். அதனால் வாசலோரம் நின்று, வருகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே, "வரலாம், வரலாம், நில்லுங்க, படி" என்று காதோடு சொல்ல ஓர் ஆள் வேண்டும். வேலைக்காரர் சொன்னால் விருந்தாளிக்குக் கௌரவக் குறைச்சல். ரத்த சொந்தம்தான் சொல்லவேண்டும். வாலிபத்திலிருந்து அந்த ஆள் நான். என் வாய்ச்சொல்லை நம்பி மந்திரிகளும் தூதர்களும் பின்னால் நடந்திருக்கிறார்கள். ஒருவருக்குக்கூடக் கால் பிசகியதில்லை.

ராஜாவின் மகளுக்கு நடை பழக்கியதும் அந்தக் கூடத்தில்தான். முன்னால் நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு பின்னால் நடக்கவும் கற்றுக்கொண்டாள். "பயப்படாதே, சித்தப்பா இருக்கேன், வா" என்பேன். கண்ணை மூடிக்கொண்டு வருவாள். தங்கமான பெண்.

அவள்தான் போன மாதம் இங்கே வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டு நிர்வாகம் அவள் கைக்கு வந்திருந்தது. ஓரஞ்சாரத்துச் சொந்தங்கள் எல்லாம் இனி வெளியே போய் இருக்கவேண்டும் என்று முடிவாம்.

"உங்களுக்கு டவுன்ல நல்ல ஃப்ளாட்டா பாத்துட்டேன் சித்தப்பா. லிஃப்ட் இருக்கு. இந்தப் பின்னாடி நடக்கிற கூத்தையும் நிறுத்திடப் போறோம். அப்பா ஒத்துக்கிட்டார்."

ஐயா, நான் தனியாகத் தெருவில் நடந்தவனில்லை. சிரிக்காதீர்கள். அவள் கொடுத்த சாவியோடு ஒருநாள் போய்த்தான் பார்த்தேன். யாரும் ஒதுங்கி வழிவிடவில்லை. ஒரு கடைக்காரர், என்ன வேண்டும் என்று கேட்டார். வாங்கவில்லை என்றால் ஓரமாக நிற்கச் சொன்னார். என்ன வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃப்ளாட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டில் யாரோ இருமுவது கேட்டது. நான் இங்கே செத்துக் கிடந்தாலும் அந்த இருமல் அப்படியே கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று தோன்றியது. டிரைவர் வந்து கூட்டிப்போகும்வரை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. எங்காவது கதவு சாத்தினாலும், என் பெட்டியைத் தூக்க ஆள் வந்துவிட்டது என்று எழுந்து நின்றுவிடுவேன்.

அவளிடம் கெஞ்சிப் பார்த்தேன். போகப்போகப் பழகிவிடும் என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். ராஜாவிடம் போனேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "என்னைக் கேட்டா நீ இங்கேயே இருக்கலாம். இப்ப எல்லாம் அவ சொல்றதுதான்" என்றார். ஆக, அவள் ஒருத்தி மனம் மாறினால் போதும். மாறாவிட்டால், அவள் ஒருத்தி இல்லாமல் போனாலும் போதும். இதில் கோபதாபம் ஏதுமில்லை, ஐயா. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

நேற்று முன்தினம் காலை கடைசித் தடவையாக அந்த மரியாதை நடந்தது. எனக்காகத்தான் ஏற்பாடாம். சித்தப்பா மனது நோகக்கூடாது, கடைசியாக நானே நடக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அவள் வணங்கிவிட்டுப் பின்னால் நடந்து வந்தாள், சின்ன வயதில் போலவே கண்ணை மூடிக்கொண்டு.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். படிகளின் அடியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். எல்லோரும் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் வாசலைவிட்டு நகரவில்லை. அந்தப் பதற்றத்தில் இன்னொருவர் விழுந்துவிடக் கூடாதல்லவா? "படி, படி, பார்த்து" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே நின்றேன்.

இப்போது நீங்கள் நல்ல மனதோடு, "வயசாச்சு, சொல்ல மறந்துட்டேன்னு சொல்லிடுங்க, ராஜாவும் அதைத்தான் விரும்பறார்" என்கிறீர்கள். அப்படிச் சொன்னால் என்னை அந்த ஃப்ளாட்டுக்குத்தானே அனுப்புவார்கள்? சிறையென்றால் கதவை வெளியிலிருந்து பூட்டுவார்களாம். எங்கே நிற்கவேண்டும், எப்போது நகரவேண்டும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். அது தேவலை. தவிரவும், மறந்துபோனேன் என்பது பொய். என் வேலையில் நான் எதையும் மறந்ததில்லை.

நான் வாய்மூடி இருக்கவும் இல்லை, ஐயா. வாசல் விளிம்புக்கு வந்ததும் அவளாகவே நின்றுவிட்டாள். குதிகால் தயங்கியது. "சித்தப்பா?" என்றாள்.

"இன்னும் இடம் இருக்கும்மா, வா" என்றேன். குழந்தை பயந்துவிடக் கூடாதே என்றுதான் அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.