ஒரே பொத்தான்

எனக்குப் பொத்தான்கள் அதிகம் இருந்தால் பிடிக்காது. சட்டையில் பரவாயில்லை, கணினித் திரையில் ஆகாது.

மருத்துவமனைகளுக்கு நோயாளிப் பதிவு மென்பொருள் எழுதுவது என் வேலை. சேர்க்க, பார்க்க, திருத்த, நீக்க என்று முன்பு தனித்தனிப் பக்கங்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், 'சேமி' என்ற ஒரே பொத்தானுக்குள் அடக்கினேன். சட்டென்று திறக்கட்டும் என்று பழைய விவரங்களைக்கூட அதில் காட்டவில்லை; அவை மருத்துவரின் திரையில் மட்டும் வரும். செவிலியர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

நொட்டை சொன்னவர் ஒருவர்தான்: என் மனைவியின் அண்ணன். எங்கள் அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பவர்.

"மாப்ள, போன் நம்பரை மட்டும்தான் மாத்தினேன். மத்த கட்டத்துல இருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சு. மருந்து அலர்ஜி உள்பட."

"காலியா விட்டா காலின்னுதானே மச்சான் அர்த்தம்?"

"உன் மூளைக்குக் கண்ணு பட்டுடும்டா. திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் அவரைப்போல் சிரிக்கவைக்க இனி ஆளில்லை.

ஞாயிறன்று அவருக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. நான்தான் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். எங்கள் மென்பொருள் ஓடும் மருத்துவமனை. வரவேற்பிலிருந்த செவிலி மச்சானின் பழைய பதிவில் என் தொலைபேசி எண்ணை மட்டும் தட்டி, பொத்தானை அழுத்தினார்.

"முன்னெல்லாம் இதுக்கே நாலு பக்கம் போகணும் சார். எந்தப் புண்ணியவான் பண்ணினாரோ."

"நான்தாம்மா" என்றேன்.

அலர்ஜிக் கட்டம் காலியாகியிருந்தது. பென்சிலின் அவருக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அப்போது வாயைத் திறந்தால், திங்கட்கிழமை அவர் சொல்லவேண்டியதை ஞாயிற்றுக்கிழமையே நான் சொன்னதாக ஆகிவிடும். அந்தப் பெண்ணின் முகமும் வாடிப்போகும்.

உள்ளே மருத்துவர் என்னிடம் கேட்டார்: "அலர்ஜி ஏதாவது உண்டா?"

"எல்லாம் ஸ்கிரீன்லயே இருக்கு டாக்டர்."

மருத்துவர் திரையைப் பார்த்தார். பிறகு ஊசி போட்டார்கள்.

"அண்ணனுக்கு அது ஆகாதுன்னு நீங்க சொல்லலையா?" என்று என் மனைவி ஒருமுறைதான் கேட்டாள். பதற்றத்தில் மறந்துவிட்டது என்றேன். மறக்கவில்லை. ஊசியில் மருந்தை ஏற்றும்போதுகூட நினைவிருந்தது.

அவர் போன துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தேநீர்க் கடைப்பக்கம் போவதையே விட்டுவிட்டேன். என் ஒரே பொத்தான் பக்கம் மட்டும் இப்போது இன்னும் பல மருத்துவமனைகளில் ஓடுகிறது. அவருக்குப் பிறகு அதைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை.